சாதத்தை முடித்தால்தான் இனிப்பா? பள்ளிச் சாப்பாட்டில் வரிசையும் நிபந்தனையும்

பிள்ளைக்குக் கொடுத்தனுப்பும் சாப்பாட்டு டப்பாவில் சாதத்தோடு ஒரு துண்டு இனிப்பும் இருந்தால், அதை எப்போது சாப்பிடுவது என்பதைப் பெரும்பாலான மழலையர் வகுப்புகளில் பிள்ளை தீர்மானிப்பதில்லை. முதலில் சாதம், பிறகு காய், எல்லாம் முடிந்த பிறகே இனிப்பு என்பது எங்கும் எழுதி ஒட்டப்படாத, ஆனால் எல்லோரும் அறிந்த விதியாக இருக்கிறது. வீட்டிலும் இதுவே நடப்பதால், பள்ளியில் ஆசிரியை அதைச் செய்யும்போது பெற்றோர் பலருக்கு அது உறுத்துவதில்லை; மாறாக, பிள்ளையை ஒழுங்காகச் சாப்பிட வைக்கிறார்களே என்ற நிம்மதிதான் ஏற்படுகிறது. அந்த நிம்மதி நியாயமானதுதானா என்பதை, பிள்ளைகளின் உணவுப் பழக்கம் பற்றி நமக்குத் தெரிந்தவற்றை வைத்து எளிய முறையில் விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிப்பைக் கடைசியில் பரிமாறுவதில் குறையொன்றும் இல்லை. "சாதத்தை முடித்தால்தான் இனிப்பு" என்று நிபந்தனை போடுவதில்தான் கோளாறு இருக்கிறது. தட்டைப் பார்க்கும் பெரியவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஏனென்றால் இரண்டிலும் இனிப்பு கடைசியில்தான் வருகிறது. ஆனால் சாப்பிடும் பிள்ளைக்கு முதலாவது ஒரு வரிசை, இரண்டாவது ஒரு பேரம்.

வரிசை என்பது ஊருக்கு ஊர் மாறுவது

இனிப்பைக் கடைசியில் உண்பதே இயற்கை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று காவிரிப் படுகையில் வாழ்பவர்கள் சற்று யோசித்துப் பார்க்கலாம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கல்யாணப் பந்திகளில், இலை போட்டுத் தண்ணீர் தெளித்ததும், சாதம் வருவதற்கு முன்பே இலையில் இனிப்பு வந்துவிடுகிறது. பல வீட்டுப் பந்திகளில் முதலில் ஒரு சிறு கரண்டி பாயசம் விழுந்த பிறகே மற்றவை தொடங்குகின்றன. பருப்பு, சாம்பார், ரசம் எல்லாம் ஆன பின் பாயசம் மறுபடியும் வரும், ஆனால் அதுவும் கடைசி அல்ல. அதன் பிறகு தயிரோ மோரோ ஊற்றிப் பிசைந்த சாதத்தில்தான் சாப்பாடு முடிகிறது. வீட்டுக்கு வீடு, சமூகத்துக்குச் சமூகம் இந்த முறை மாறும் என்றாலும், இனிப்பில் தொடங்கித் தயிரில் முடிப்பது நம் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. பழைய மருத்துவ நூலான சுசுருத சம்கிதையும் இனிப்புச் சுவையை முதலிலும், புளிப்பையும் உப்பையும் நடுவிலும், ஏனைய சுவைகளைப் பிறகும் உண்ணச் சொல்கிறது. அதை இன்றைய ஊட்டச்சத்து அறிவியலின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இனிப்புக்குக் கடைசி இடம்தான் என்பது எல்லாக் காலத்துக்கும் பொதுவான விதி அல்ல என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

ஐரோப்பாவிலேயே கூட, பணக்காரர் விருந்துகளில் பல வகைப் பண்டங்களை ஒன்றாக மேசையில் பரப்பி வைத்து, அவரவர் விரும்பியதை எடுத்துக்கொள்ளும் முறைதான் நெடுங்காலம் இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் முறை, ரஷ்ய முறை என்ற பெயரோடு, 19ஆம் நூற்றாண்டில்தான் அங்கே பரவியது. ஆக, பள்ளியில் ஓர் ஐந்து வயதுப் பிள்ளை அசோகா என்ற பாசிப்பருப்பு அல்வாவை முதலில் வாயில் போட்டுக்கொண்டால், அது மரியாதைக் குறைவோ ஒழுங்கீனமோ ஆகிவிடாது. அந்தப் பிள்ளை சென்ற வாரம் கலந்துகொண்ட கல்யாணத்தில் பெரியவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

நிபந்தனை என்ன செய்கிறது

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். 1982இல் அமெரிக்க உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லப்பட்டது. கதையில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு 'ஹூப்', 'ஹூல்' என்ற இரண்டு உணவுகளைக் கொடுக்கிறாள்; இரண்டும் கற்பனைப் பெயர்கள், எந்தப் பிள்ளையும் அவற்றைப் பார்த்ததும் இல்லை, ருசித்ததும் இல்லை. சில பிள்ளைகளுக்குச் சொன்ன கதையில், ஒன்றைச் சாப்பிட்டால்தான் மற்றது கிடைக்கும் என்று அந்தத் தாய் சொல்கிறாள். வேறு சில பிள்ளைகளுக்குச் சொன்ன கதையில், முதலில் ஒன்றையும் பிறகு மற்றதையும் எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுக்கிறாள். பிறகு எது அதிக ருசியாக இருக்கும் என்று கேட்டபோது, நிபந்தனைக் கதையைக் கேட்ட பிள்ளைகள் இரண்டாவதாகக் கிடைத்த உணவே நல்லது என்றார்கள். வெறும் வரிசையை மட்டும் கேட்ட பிள்ளைகளிடம் அப்படிப்பட்ட சாய்வு காணப்படவில்லை.

இந்த ஆய்வை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பள்ளியில் இனிப்பைக் கடைசியில் கொடுக்கலாமா என்ற கேள்வியில் நாம் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்களை இது பிரித்துக் காட்டுகிறது. இரண்டு கதைகளிலும் உணவு வந்த வரிசை ஒன்றுதான். வரிசை எதையும் கெடுக்கவில்லை. 'சாப்பிட்டால்தான்' என்ற சொல் மட்டுமே, பார்த்தேயிராத ஓர் உணவைப் பிள்ளையின் மனத்தில் கசப்பாக்கிவிட்டது. பெரியவர்கள் எதையாவது கொடுத்துச் சாப்பிட வைக்க வேண்டிய பொருள் நல்லதாக இருக்க முடியாது என்று பிள்ளை கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கில் பிழை என்று சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் யாரும் எந்தப் பிள்ளையிடமும் "இந்த லட்டைச் சாப்பிட்டால்தான் உனக்குப் பாகற்காய்" என்று சொன்னதில்லை.

கற்பனை உணவோடு விஷயம் நிற்கவில்லை. குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த லீன் பர்ச் என்ற உளவியலாளர், 1984இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளுக்கு ஒரு பானத்தைக் கொடுத்து, அதைக் குடித்தால் பாராட்டோ வேறொரு பரிசோ கிடைக்கும் என்று ஏற்பாடு செய்தார். பரிசுக்காகக் குடித்த பிள்ளைகளுக்கு அந்தப் பானத்தின் மீதிருந்த விருப்பம் குறைந்தது. அதற்கு முன் 1980இல் வெளிவந்த அவருடைய மற்றொரு ஆய்வில், தின்பண்டத்தையே பரிசாகக் கொடுத்தபோது அந்தத் தின்பண்டத்தின் மீதான விருப்பம் கூடியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பள்ளி வராந்தாவில் நடப்பது விளங்கும்: கீரையைத் தின்னச் செய்வதற்காக நாம் இனிப்பைப் பணயம் வைக்கிறோம், அன்றைக்குக் கீரை உள்ளே போய்விடுகிறது, ஆனால் கீரையின் மதிப்பு ஒரு படி இறங்கி, இனிப்பின் மதிப்பு ஒரு படி ஏறிவிடுகிறது. நாம் விரும்பியதற்கு நேர் எதிரான பாடம் இது.

2006இல் வெளிவந்த, பர்ச்சும் பங்குகொண்ட இன்னொரு சிறிய ஆய்வில், பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்து, ஒன்றை மட்டும் "முடித்துவிடு, முடித்துவிடு" என்று வற்புறுத்தினார்கள். வற்புறுத்தாதபோதே பிள்ளைகள் அதிகம் சாப்பிட்டார்கள். வற்புறுத்திய சூப்பைப் பற்றி அவர்கள் சொன்னவற்றில் குறைகூறல் மிகுதியாக இருந்தது. பிள்ளை வைத்திருக்கும் வீட்டில் இதை ஆய்வு செய்துதான் அறிய வேண்டுமா என்று தோன்றலாம். ஆனால் தெரிந்துகொண்டே நாம் அதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்பதால் சொல்லி வைப்பது நல்லது.

இவையெல்லாம் அமெரிக்காவில், குறைந்த எண்ணிக்கையிலான பிள்ளைகளைக் கொண்டு செய்யப்பட்டவை. சாம்பார் சாதத்தையும் வெண்டைக்காய்ப் பொரியலையும் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அதோடு, பரிசு கொடுப்பது எப்போதுமே கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் 2011இல் வெளியான ஆய்வில், பிள்ளைக்குப் பிடிக்காத காயை ஒரு சிறு துண்டு ருசி பார்த்தால் ஒரு ஸ்டிக்கர் தருவது என்ற முறையைச் சில வாரங்கள் பின்பற்றியபோது, அந்தக் காய் பிள்ளைகளுக்குப் பிடிக்கத் தொடங்கியது. ஆனால் அங்கே கேட்கப்பட்டது ஒரு துண்டு மட்டுமே, டப்பாவைக் காலி செய்வது அல்ல. பரிசாக வந்ததும் உணவு அல்ல. காய்க்கு எதிர்த்தட்டில் இன்னோர் உணவை வைத்து எடைபோடும் வேலை அங்கே நடக்கவில்லை.

வராந்தாவில் நடப்பது

ஒரு மதிய இடைவேளையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். யூகேஜி பிள்ளைகள் வராந்தாவில் எதிரெதிராக இரண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பையனின் டப்பாவில் தக்காளி சாதமும் வாழைக்காய் வறுவலும். பக்கத்தில் ஒரு குட்டி டப்பாவில், முந்தைய நாள் திருவையாற்றிலிருந்து தாத்தா வாங்கி வந்த அசோகா. குட்டி டப்பாவின் மூடியைத் திறந்ததும் மூடியில் ஒட்டியிருக்கும் நெய்யை விரலால் வழித்து நக்குகிறான். அங்கே நடந்துகொண்டிருக்கும் ஆயாம்மா, "அதை அப்புறம் திங்கலாம், முதல்ல சாதத்தை முடி" என்று சொல்லிக் குட்டி டப்பாவை மூடித் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். அந்த நிமிடத்திலிருந்து அவன் கண் சாதத்தில் இல்லை. ஆயாம்மாவின் கையில் இருக்கிறது. சாதத்தை வேகவேகமாக அள்ளி, சரியாக மெல்லாமல் விழுங்குகிறான், அல்லது பாதியில் மலைத்துப்போய்க் கையை நக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். மணி அடிக்கிறது. அசோகா பைக்குள் போகிறது. மாலையில் வேனில் ஏறியதும் முதல் வேலையாக அவன் திறப்பது அந்தக் குட்டி டப்பாவைத்தான். பல்லில் ஒட்டிய இனிப்போடு, வாய் கொப்பளிக்க வழியில்லாமல், வீடு வரை வருகிறான்.

ஆயாம்மாவின் மீது இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நாற்பது பிள்ளைகளை அரை மணி நேரத்தில் சாப்பிட வைத்துக் கை கழுவி வகுப்புக்கு அனுப்ப வேண்டியவர் அவர்; சாதம் அப்படியே திரும்பினால், "ஏன் பிள்ளை சாப்பிடவே இல்லை?" என்று மாலையில் வாசலில் நின்று கேட்கும் தாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர். விதியை உண்டாக்கியது அவர் அல்ல, காலி டப்பாவையே நல்ல சாப்பாட்டுக்கு அடையாளமாக வைத்திருக்கும் நாம்தான்.

எதிர்த்தரப்பில் இருக்கும் நியாயம்

இனிப்பைக் கடைசியில் கொடுக்க வேண்டும் என்பவர்களிடமும் வலுவான நியாயங்கள் இருக்கின்றன. சின்ன வயிறு சீக்கிரம் நிறையும். நெய்யும் சர்க்கரையும் முதலில் போனால் சாதத்துக்கும் காய்க்கும் இடம் குறையும். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இனிப்பைச் சாப்பாட்டுடன் சேர்த்து வைத்தபோது, பிறகு வைத்த நாள்களைவிடப் பிரதான உணவைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். காயையும் புரதத்தையும் முதலில் உண்டு, மாவுச்சத்தைப் பிறகு உண்டால் இரத்தச் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அவற்றில் முக்கியமானவை நீரிழிவு உள்ள பெரியவர்களிடம் செய்யப்பட்டவை, ஓடி விளையாடும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அதே கணக்கைப் போடுவது பொருந்தாது.

முதல் நியாயம் உண்மையில் வரிசைக்கான நியாயம், நிபந்தனைக்கான நியாயம் அல்ல. பள்ளியே சமைத்துப் பரிமாறும் இடமாக இருந்தால், சாதமும் காயும் பரிமாறிப் பத்து நிமிடம் கழித்து இனிப்பை எல்லோருக்கும், சாதத்தை முடித்தவனுக்கும் முடிக்காதவனுக்கும், ஒரே அளவில் கொண்டுவந்து வைத்துவிடலாம். யாருக்கும் எதுவும் பறிபோகவில்லை, யாரும் எதையும் சம்பாதிக்கவும் இல்லை. பந்தியில் பாயசம் வருகிற மாதிரி அது தானாக வருகிறது. சாம்பாரை மீதம் வைத்தவரின் இலையைப் பார்த்து, "உங்களுக்குப் பாயசம் கிடையாது" என்று சொல்லிவிட்டு நகரும் பரிசாரகரை நாம் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. வீட்டு டப்பாவில் வரும் இனிப்புக்கு இந்த வழி இல்லை. எல்லாம் ஒரே பையில், பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடுகிறது. அங்கே வரிசையைக் காக்க வேண்டுமானால் யாராவது காவல் இருக்க வேண்டும், காவல் வந்தால் நிபந்தனையும் கூடவே வந்துவிடும். அதனால் வீட்டு டப்பாவைப் பொறுத்தவரை, வரிசையைவிட அளவைக் கவனிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். எலுமிச்சம்பழ அளவு அசோகாவை முதலில் தின்றாலும், ஒரு பிள்ளையின் பசி அதோடு அடங்கிவிடாது. பெரியவர் சாப்பிடும் அளவுக்கு நிரப்பி அனுப்பினால் எந்த வரிசையில் தின்றாலும் அது கூடுதல்தான்.

யார் எதைத் தீர்மானிப்பது

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் 1980களில் முன்வைத்த ஒரு பொறுப்புப் பங்கீடு இங்கே உதவும். என்ன உணவு, எந்த வேளையில், எந்த இடத்தில் என்பதைப் பெரியவர் தீர்மானிக்க வேண்டும். கொடுத்தவற்றில் எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளை தீர்மானிக்க வேண்டும். இனிப்பைப் பொறுத்தவரை அவர் சொல்லும் வழி, சாப்பாட்டுடனேயே ஒரே ஒரு பங்கை வைத்துவிடுவது. பிள்ளை அதை முன்னாலோ நடுவிலோ பின்னாலோ தின்னட்டும், ஆனால் இரண்டாவது பங்கு கிடையாது. முதல் சில நாள்களில் எல்லாப் பிள்ளைகளும் இனிப்பைத்தான் முதலில் எடுப்பார்கள். அது எப்போதும் கிடைக்கும், அளவோடுதான் கிடைக்கும் என்பது பழகிவிட்டால், அதற்கிருந்த பரபரப்பு தணியும் என்பதே இந்த முறையின் அடிப்படை.

பிள்ளையின் கையில் தீர்மானத்தைக் கொடுத்தால் அது இனிப்பாகவே தின்று தீர்க்காதா என்ற அச்சத்துக்கு ஒரு பழைய ஆய்வு பதில் சொல்கிறது. கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் 1920களிலும் 30களிலும், பால் மறக்கும் பருவத்துக் குழந்தைகள் பதினைந்து பேரிடம், பல வகை உணவுகளைத் தட்டில் வைத்து, எதை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள விட்டார். ஒரு நாள் ஒரே உணவை அள்ளித் தின்றார்கள், மறுநாள் அதைத் தொடவே இல்லை. ஆனால் மொத்தத்தில் நன்றாக வளர்ந்தார்கள். இதைக் காட்டி, பிள்ளைக்கு எது நல்லது என்று அதன் உடலுக்கே தெரியும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் விட்டுவிடும் செய்தி, டேவிஸ் வைத்த 34 உணவுகளில் சர்க்கரையும் இல்லை, பண்டங்களும் இல்லை. எல்லாம் எளிய, பதப்படுத்தாத உணவுகள். சூட்சுமம் பட்டியலில்தான் இருக்கிறது என்பதை அவரே எழுதினார். பட்டியலைப் பெரியவர் போட்டுவிட்டால், தேர்வைப் பிள்ளையிடம் விடுவதில் பெரிய ஆபத்து இல்லை.

புதிய காயைப் பிள்ளை தள்ளிவிடுவதையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு புதிய உணவு பிடித்துப்போவதற்குப் பிள்ளைக்குப் பத்துப் பதினைந்து தடவைகூட அதைப் பார்க்கவும் ருசிக்கவும் வேண்டியிருக்கலாம். மூன்றாவது தடவையிலேயே இனிப்பைக் காட்டி அதை உள்ளே தள்ளினால், மீதித் தடவைகளுக்கு வாய்ப்பே இல்லாமல் போய்விடுகிறது.

சத்துணவுத் தட்டில்

டப்பா கொண்டுவரும் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசினால் படுகையின் பள்ளிகளில் பெரும்பகுதியை விட்டுவிட்டதாகும். 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டத்திலும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில் நடந்த விழாவின் வழியாக மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்திலும் சாப்பிடும் பிள்ளைகளுக்கு, இனிப்பு என்பது தினசரி விவகாரமே அல்ல. காமராஜர், அண்ணா போன்ற தலைவர்களின் பிறந்த நாளில் சத்துணவில் சர்க்கரைப் பொங்கல் வருகிறது. காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது அறிவித்த பட்டியலில் வெள்ளிக்கிழமை கிச்சடியோடு ரவா கேசரியோ சேமியா கேசரியோ இருந்தது.

அந்தத் தட்டில் வரிசை பற்றிய கேள்வியே எழுவதில்லை. ஒரே தட்டு, ஒரே கரண்டி. கேசரி வந்த நாள்களில் அது கிச்சடியின் ஓரத்தில் தொட்டுக்கொண்டு இருக்கும். எதை முதலில் எடுப்பது என்பது அவரவர் விருப்பம். சிலர் கேசரியை முதலில் முடித்துவிடுவார்கள், சிலர் கடைசி வரை ஓரத்தில் ஒதுக்கி வைத்துக் காப்பார்கள். பின்னவர்களை யாரும் அப்படிச் செய்யச் சொல்வதில்லை. மதியத்தில் முட்டையையும் அவர்கள் அப்படித்தான் வைத்துச் சாப்பிடுகிறார்கள். பிடித்ததைக் கடைசிக்கு வைப்பதில் ஒரு சுகம் உண்டு. அதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது அது பொறுமை. பிறர் அதைக் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளும்போது அங்கே பொறுமை வளர்வதில்லை, காத்திருப்பு மட்டுமே மிஞ்சுகிறது.

எந்த ஆசிரியரும் ஆணையிடாமலே பல்லாயிரம் பிள்ளைகள் இப்படிச் சாப்பிட்டு எழுந்து போகிறார்கள் என்பதை, கட்டணம் வாங்கும் பள்ளிகள் கவனிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சோற்றை வீணாக்கலாமா

நெல் விளையும் ஊரில் இந்தப் பேச்சு முழுமை பெற வேண்டுமானால் இன்னொரு விஷயத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். குறுவையும் சம்பாவும் பார்த்து வளர்ந்த பாட்டிக்கு, தட்டில் சாதம் மிஞ்சுவது பொறுக்காது. "ஒரு வாய் வாங்கிக்கோடா கண்ணு, அப்புறம் பாட்டி அதிரசம் தரேன்" என்று அவர் சொல்வதில் பிள்ளையின் உடம்பைப் பற்றிய அக்கறை பாதி, சோற்றின் மீதுள்ள மரியாதை பாதி. தண்ணீர் வராத ஆண்டுகளையும் அவர் பார்த்திருக்கிறார். அந்த மரியாதை வேண்டியதுதான். ஆனால் அது பிள்ளைக்கு வர வேண்டுமானால் சோறு கடமையாகவும் அதிரசம் கூலியாகவும் ஆகக் கூடாது. அப்படி ஆனால், பாட்டி எதை உயர்த்த நினைத்தாரோ அதுவே தாழ்ந்துபோகிறது. சாதத்தைக் குறைவாக வைத்து, வேண்டுமானால் மறுபடி கேட்டு வாங்கச் சொல்வதும், பள்ளி டப்பாவில் பிள்ளை வழக்கமாகச் சாப்பிடும் அளவை மட்டும் வைப்பதும் வீணாவதை நேரடியாகக் குறைக்கும்.

ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் நடப்பதைப் பாருங்கள். சர்க்கரைப் பொங்கல், புளிச்சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் எல்லாம் ஒன்றாகத் திறக்கப்படுகின்றன. வெல்லம் கலந்த காப்பரிசியைப் பிள்ளைகள் கையில் அள்ளிக்கொண்டு படித்துறையில் திரிகிறார்கள். யாரும் வரிசை கேட்பதில்லை, சாதமும் மிஞ்சுவதில்லை. அது ஆண்டுக்கு ஒரு நாள், பசியோடு உட்காரும் நாள் என்பதும் உண்மைதான்.

பல்லும் சர்க்கரையும்

பல் மருத்துவத்தின் பார்வையில் வரிசைக்கு ஒரு பொருள் உண்டு, ஆனால் அது நாம் நினைக்கும் திசையில் இல்லை. சர்க்கரை வாயில் பட்டதும் பல்லின் மீதுள்ள கிருமிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் அடங்க ஏறக்குறைய அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. சாப்பாட்டு வேளையில் தின்னும் இனிப்பைவிட, வேளைகளுக்கு நடுவே அடிக்கடி தின்னும் ஒட்டும் இனிப்பே பல்லை அதிகம் அரிக்கும். 1940களில் ஸ்வீடனில், மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் இருந்தவர்களுக்கு டாஃபி கொடுத்துச் செய்த, இன்று எந்த நாட்டிலும் அனுமதி கிடைக்காத ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆகவே மதியச் சாப்பாட்டோடு தின்ற அசோகாவைவிட, பறிக்கப்பட்டு, பையில் கிடந்து, மாலை வேனில் தின்ற அசோகா பல்லுக்குக் கெடுதல். இனிப்பை முதலிலோ நடுவிலோ தின்று, தயிர்ச் சாதத்திலோ மோரிலோ முடிக்கும் நம் பந்தி முறை பல்லுக்கு ஒத்துவருவதே. எந்த வரிசையில் தின்றாலும் குழாயடியில் வாய் கொப்பளிக்க வைப்பதைப் பள்ளி கட்டாயமாக்கலாம். அந்தக் கட்டாயத்தை நான் முழு மனத்தோடு ஆதரிப்பேன்.

சர்க்கரையின் அளவைப் பொறுத்தவரை, உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றிலிருந்து வரும் ஆற்றல் ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்பதைத் தடுக்கிறது. இவை எல்லாம் எவ்வளவு, எங்கே என்பதைப் பற்றியே பேசுகின்றன. எந்த வரிசையில் என்பதைப் பற்றிப் பேசுவதில்லை. பள்ளிகள் அக்கறை காட்ட வேண்டியதும் அந்த அளவிலும் இடத்திலும்தான். பிறந்த நாளன்று கலர் டிரஸ் போட்டு வரும் பிள்ளை முதல் பீரியடில் வகுப்பு முழுவதும் சாக்லேட் கொடுப்பதை அனுமதித்துவிட்டு, மதியம் டப்பாவில் இருக்கும் எள்ளுருண்டைக்குக் காவல் நிற்பதில் பொருத்தம் இல்லை. அந்தச் சாக்லேட்டைச் சாப்பாட்டு மணிக்குக் கொடுக்கச் சொன்னாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பள்ளியிடம் பேசும்போது

பிள்ளையின் பள்ளியில் இந்த விதி கண்டிப்பாக இருந்தால், அதை எதிர்த்துச் சண்டை போடுவதற்கு முன் வகுப்பு ஆசிரியையிடம் டைரியில் இரண்டு வரி எழுதிக் கேட்கலாம்: சாதம் மிஞ்சினால் பரவாயில்லை, டப்பாவை அப்படியே அனுப்பிவிடுங்கள், இனிப்பை மட்டும் நிறுத்தி வைக்க வேண்டாம் என்று. சாதம் மிஞ்சியதற்குத் தம்மிடம் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்தால், பெரும்பாலான ஆசிரியைகள் மகிழ்ச்சியாகவே ஒப்புக்கொள்வார்கள். மதிப்பெண்ணுக்கோ அமைதியாக இருந்ததற்கோ மிட்டாய் கொடுப்பதும், சேட்டை செய்தவனுக்கு மட்டும் இனிப்பை மறுப்பதும் இதே பேரத்தின் வேறு உருவங்கள் என்பதால், அதையும் அப்போதே பேசிவிடலாம்.

ஒரு வகைப் பிள்ளைகளுக்கு மட்டும் பேச்சுக்கே இடமில்லாத ஏற்பாடு வேண்டும். முதல் வகை (டைப் 1) நீரிழிவு நோய் உள்ள, இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் இனிப்பு அந்த நொடியில் மருந்தாகிறது. வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும் பிள்ளையிடம் சாதத்தை முடிக்கச் சொல்லிக் காத்திருக்கக் கூடாது. அந்தப் பிள்ளை எதை, எப்போது, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளின் நகல் வகுப்பு ஆசிரியையிடமும், வராந்தாவில் நிற்கும் ஆயாம்மாவிடமும், வேன் ஓட்டுநரிடமும் இருக்க வேண்டும்.